மோகன் எங்களுக்குச் சுற்றிக் காட்டிய டெக்சாஸ்

3 ஜூலை 2003, வியாழன்

காலையிலிருந்தே புழுக்கம். கரண்ட் இரண்டு முறை போனது. பி.பி. மாத்திரை தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும். பெருங்காயமும்.

இவர் ஸ்டூடியோவில் படத்தைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு வாங்கி வந்துவிட்டார். டெக்சாஸில் ஒரு நெடுஞ்சாலை ஓரம், கண்ணுக்கெட்டிய வரை நீலப் பூ, நடுவில் இவர். நம் கடையில் கல்லாவுக்கு மேலே மாட்டியாயிற்று. பட்டு எடுக்க வருகிறவர்களிடமெல்லாம் ஒரே பாட்டு: "அப்பா பூ பாக்கட்டும்னு, போய்கினு இருந்த காரையே நிறுத்திட்டான் நம்ம பையன்!"

நிறுத்தினான், வாஸ்தவம்தான். எதற்கு நிறுத்தினான் என்பது எங்கள் மூவருக்குத்தான் தெரியும். அதில் ஒருவருக்கு மறந்தே போய்விட்டது போலிருக்கிறது.

5 ஜூலை, சனி

சாயங்காலம் முள்ளிப்பட்டிலிருந்து சரோஜா, அவள் அண்ணனோடு. அவள் பெண் ஹேமாவுக்கும் எங்கள் மோகனுக்கும் ஜாதகம் பொருந்திவிட்டது. ஆடி பிறப்பதற்குள் தட்டு மாற்ற வேண்டுமாம். ஆவணியில் மோகன் அமெரிக்காவிலிருந்து வந்து தாலி கட்டுவான். சரோஜா பாவம், புருஷன் விட்டுப் போனதிலிருந்து அண்ணன் வீட்டில்தான் இருக்கிறாள். அண்ணிக்காரி போடும் சோற்றில் உப்பைவிடக் குத்தல் பேச்சு அதிகம் என்று ஊரே பேசும்.

சரோஜா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பையன் கொணம் எப்டிங்க? ஆறு மாசம் கூட இருந்துட்டு வந்துகிறீங்க. உங்க வாயால ஒரு வார்த்த கேட்டா போதும் எனக்கு."

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் ஆரம்பித்துவிட்டார். சான் அன்டோனியோவில் படகு, கால்வெஸ்டனில் கடல், மலைக்கு அடியில் குகை, லைட்டெல்லாம் போட்டு. ஹூஸ்டனில் நாலு அடுக்குப் பாலம். "வாரா வாரம் எங்கனா இஸ்துகினு போயிடுவான். ஒரு நாள் சும்மா உக்கார வுட்டதில்ல."

கேசரி கிண்டுகிறேன் என்று எழுந்துவிட்டேன். முந்திரி கருகியது.

சான் அன்டோனியோ போன கதையை இங்கேயாவது எழுதி வைக்கிறேன். வழியில் எனக்குக் காரில் வாந்தி. புது சீட். மோகன் ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தினான். பேப்பர் எடுத்துத் தருவான் என்று பார்த்தேன். "பொடவையாலயே தொட. நம்ம கடை சரக்குதானே." அரக்குப் பட்டு, அவன் அப்பா எனக்கென்று எடுத்து வைத்தது. துடைத்தேன். வெளியே நின்று கோக் குடித்துக்கொண்டே, மூலையில் விட்டுப்போனதைக் காட்டினான். பிறகு அதே புடவையோடு படகில் உட்கார்ந்தேன். அந்தப் படமும் ஆல்பத்தில் இருக்கிறது. சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

6 ஜூலை, ஞாயிறு

மழை வரும் போல இருந்து ஏமாற்றியது. ஹேமாவைக் கோயிலில் பார்த்தேன். ஒல்லி. என்னைக் கண்டதும் கூச்சமாக ஒரு சிரிப்பு. வீடு வந்ததிலிருந்து எதுவும் ஓடவில்லை.

அந்தப் பூப் படம். இவர் செய்த குற்றம், காற்று வேண்டுமென்று கார்க் கண்ணாடியை இறக்கியது. "ஏசி போட்டுகிறேன், ஏத்து" என்றான். ஏற்றினார். கொஞ்ச தூரம் போனதும் மறந்து மறுபடி இறக்கினார். ஓரம் கட்டினான். "காத்து வேணும்தானே? எறங்கு. நல்லா வாங்கு." விளையாட்டு என்று நினைத்து இவரும் சிரித்துக்கொண்டே இறங்கினார். கார் கிளம்பிவிட்டது. கத்தினேன், கெஞ்சினேன். பாட்டுச் சத்தத்தைக் கூட்டிவிட்டான். ஒரு கடையில் பர்கர் வாங்கி, நிதானமாகத் தின்று முடித்துத்தான் வண்டியைத் திருப்பினான்.

நாங்கள் போனபோது இவர் போகிற வருகிற காருக்கெல்லாம் கையாட்டிக்கொண்டிருந்தார். யாராவது நிறுத்த மாட்டார்களா என்று. பூப் பார்க்க வந்த கிழவர் என்று நினைத்து, அவர்களும் சந்தோஷமாகக் கையாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். மோகன் இறங்கி, கேமராவை எடுத்தான். "அங்கயே நில்லு. சிரி." சிரித்தார்.

அதைத்தான் கடையில் மாட்டியிருக்கிறார். வெட்கங்கெட்ட மனுஷன். எனக்கு அவன்மேல் கோபமா இவர்மேலா தெரியவில்லை.

9 ஜூலை, புதன்

பால்காரன் வரவில்லை. இவருக்கும் எனக்கும் சண்டை.

"அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிடலாங்க" என்றேன்.

"இன்னாத்த சொல்லுவ? சின்ன வயசு, ரத்தம் சூடு. கல்யாணம் ஆனா சரியாப் பூடும்."

"சரியாவறதுக்கு அவ இன்னா மாத்திரையா?"

"ஏய், நீ வாயத் தொறந்தா கல்யாணம் நின்னுடும். அப்புறம் ஜென்மத்துக்கும் அவன் போன் பண்ண மாட்டான். இருக்கறது ஒரே புள்ள. பேஜார் பண்ணாத."

அதற்குமேல் சாப்பிடாமல் கடைக்குப் போய்விட்டார். போகட்டும்.

எனக்கும் ஓர் ஆசை இருக்கிறது. ஹேமா போய்விட்டால் அவன் கோபத்துக்கு அங்கேயே ஆள் கிடைத்துவிடும். எங்களிடம் போனில் நல்லபடியாகப் பேசுவான். பெற்ற வயிறு இப்படியும் கணக்குப் போடுகிறது. தூ.

11 ஜூலை, வெள்ளி

ரவிக்கை அளவு என்று சாக்குச் சொல்லிவிட்டு, இவருக்குத் தெரியாமல் முள்ளிப்பட்டு போனேன். பஸ்ஸில் நெரிசல், செருப்பு அறுந்தது. சரோஜா தறிக்குப் பாவு ஓட்டும் வேலைக்குப் போயிருந்தாள். ஹேமா மட்டும் தனியாக. நல்லதாகப் போயிற்று என்று உட்கார்ந்தேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். வாந்தி, புடவை, கண்ணாடி, பர்கர். எதையும் விடவில்லை. "வேணாம்னு ஒரு வார்த்த சொல்லுமா. பழி என் மேல வுழட்டும், நான் பாத்துக்கறேன்."

அவள் நான் கொண்டுபோன அளவு டேப்பைக் கையில் சுற்றிக்கொண்டே கேட்டாள்.

"அப்புறம் மாமாவ ஏத்திக்க வந்தாரா, அத்தே?"

"வந்தான். சொன்னேனே."

"எங்கப்பா களம்பூர் பஸ் ஸ்டாண்டுல எங்கள எறக்கி வுட்டுட்டு, சோடா வாங்கியாரேன்னு போனாரு. இருட்டற வரைக்கும் அம்மா நகரவேயில்ல, என்னையும் நகர வுடல." டேப்பை என்னிடம் நீட்டினாள். "இவரு திரும்பி வராரு இல்ல. எனக்கு அது போதும். அளவு எடுங்க அத்தே."

எடுத்தேன். தோள் எலும்பு கையில் குத்தியது. வரும்போது பஸ்ஸில் அழுதேன். பக்கத்து சீட்டுக்காரி சுண்டல் கொடுத்தாள்.

13 ஜூலை, ஞாயிறு

தட்டு மாற்றியாயிற்று. நல்ல கூட்டம். சாம்பார் பத்தவில்லை. சரோஜா என் காலில் விழுந்தாள், ஜல்தி ஜல்தியாகத் தூக்கிவிட்டேன். ஹேமாவுக்கு மாம்பழக் கலர் எடுப்பாக இருந்தது.

எல்லோரும் போனபிறகு மோகனிடமிருந்து போன். இவர் பேசிவிட்டு என்னிடம் கொடுத்தார்.

"பொண்ணு எப்டிமா? சொன்ன பேச்சு கேக்குமா?"

இவர் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ரொம்பப் பொறுமைப்பா. எங்க எறக்கி வுட்டாலும் அங்கயே நின்னுகினு இருப்பா."

இதாவது உறைக்கும் என்று நினைத்தேன்.

"அதாம்மா எனக்கு வேணும்" என்றான்.