செல்வி போட்ட ஆமைப் படம்

ஆனி 7, சனிக்கிழமை

குடும்பத்தோடு ஒரு சுற்றுச்சூழல் படம் பார்த்து எழுதிவர வேண்டும் என்று மகளின் பள்ளியில் சொல்லியிருந்தார்கள். ஒரு வாரம் போனில் தேடி, காட்டு யானைகளைப் பற்றிய படம் ஒன்றை எடுத்து வைத்திருந்தேன். கடல் வராத படம். என் வீட்டுக்காரர் சுனாமியில் தங்கையைப் பறிகொடுத்தவர். கல்யாணமான பதினான்கு வருஷமாக, டிவியில் கடல் வந்தாலே சேனலை மாற்றிவிடுவேன். அந்த நாளைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அரியாங்குப்பத்திலிருந்து கொழுந்தனார் மனைவி செல்வி வந்திருந்தாள். "யானய எவ்ளோ நாளுக்குக்கா பாக்கறது? இது ஆமப் படம், சூப்பரா இருக்கும்" என்று ரிமோட்டைப் பிடுங்கிப் போட்டே விட்டாள். திரை முழுக்க அலை. அவர் எழுந்து போவார் என்று பார்த்தேன். போகவில்லை.

படம் முடிந்ததும் செல்வி பட்டென்று கேட்டாள்: "மாமா, அன்னிக்கு இன்னா ஆச்சு?"

அவர் சொன்னார். தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடியது, கை நழுவியது, எல்லாவற்றையும் அவளிடம் சொன்னார். நான் குழம்புச் சட்டியோடு சமையலறை வாசலில் நின்று கேட்டேன். செல்வி அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை, வயிறுதான் எரிந்தது. அவள் இந்தக் குடும்பத்துக்கு மருமகளாக வந்து மூன்று வருஷம்கூட ஆகவில்லை.

படுக்கும்போது அவர் கேட்டார்: "கடல காட்டினாலே சேனல மாத்துவியே, உனக்கு அவ்ளோ பயமாடி?"

ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.