வெள்ளை முக்காடு விற்றவளின் பெயரையும் சேர்க்கக் கோரி

அனுப்புநர்:
அனார்குல் தெமிர்பெகோவா,
முக்காட்டுத் துணி வியாபாரி,
மூன்றாம் வரிசை, ஏழாம் எண் கண்டெய்னர் கடை,
பெரிய பஜார், ஆக்-கெச்சூ.

பெறுநர்:
மாவட்டக் காவல்துறைத் தலைவர் அவர்கள்,
ஆக்-கெச்சூ.

பொருள்: என் மகள் பெகாயிம் கடத்தப்பட்ட புகாரை மீண்டும் எடுப்பது, குற்றம் செய்தவர்களில் என் பெயரைச் சேர்ப்பது, இன்னொரு பெண்ணை உடனே காப்பது குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

சுற்றி வளைத்து எழுத எனக்கு வராது. கணவர் ரஷ்யாவுக்கு வேலைக்குப் போய்த் திரும்பாத வருடத்தில் ஒரு மூட்டைத் துணியோடு வியாபாரத்தில் இறங்கினேன். பத்தொன்பது வருடம் ஆகிறது. யார் தயவும் இல்லாமல் சொந்தக் கடை வைத்தேன். ஒரே மகள் பெகாயிம். நகரத்துச் செவிலியர் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படித்து வந்தாள். என் முந்தைய புகாரைத் தங்கள் அலுவலகம் முடித்து வைத்துவிட்டது. அதில் நான் மறைத்தவற்றையும் சேர்த்து இப்போது எழுதுகிறேன்.

1. என் கடையில் அதிகம் விற்பது வெள்ளை முக்காடு, தலையில் கட்டிவிட்டால் பெண் கல்யாணத்துக்குச் சம்மதித்துவிட்டாள் என்று ஊர் எடுத்துக்கொள்ளும் அதே முக்காடு. நாள் குறித்துக் கல்யாணம் செய்பவர்கள் நாலு கடை ஏறி இறங்குவார்கள், வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்பார்கள், பேரம் பேசாமல் போக மாட்டார்கள். பெண்ணைத் தூக்கி வரக் கார் அனுப்பிவிட்டு வருபவர்கள் விலையே கேட்பதில்லை. வாங்குவார்கள், ஓடுவார்கள். இது எங்கள் வரிசை முழுவதற்கும் தெரியும். எனக்கும் தெரியும். யாருக்கு என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டால் எதிர்க்கடைக்குப் போய்விடுவார்கள்.

2. சென்ற அக்டோபர் 14 காலை, என் பழைய வாடிக்கைக்காரி துர்சுனாய் வந்து பெரிதாக, குஞ்சம் வைத்ததாக ஒன்று கேட்டாள். விலை கேட்கவில்லை. நான் விளையாட்டாக, "யார் வீட்டுப் பொண்ணுடி இன்னைக்கு அழப்போகுது?" என்றேன். "அழுதா அழட்டும்க்கா. நாம அழாமயா வந்தோம்?" என்றாள். இருவரும் சிரித்தோம். அவள் சொன்னது பொய்யில்லை. நானும் இருபத்து நான்கு வருடங்களுக்கு முன் அப்படித் தூக்கி வரப்பட்டவள்தான். "நல்லா இருக்கட்டும்" என்று வாழ்த்தி மடித்துக் கொடுத்தேன். அவள் அண்ணன் மகன் குபாத் எந்தப் பெண்ணைப் பார்த்து வைத்திருந்தான் என்பது அப்போது அவளுக்கும் தெரியாது என்கிறாள். நம்புகிறேன்.

3. அன்று மதியம் கல்லூரி வாசலில் என் மகளைக் காரில் ஏற்றினார்கள். மூன்று மணிக்கு குபாத்தின் உறவினர் இருவர் ஓர் ஆட்டைப் பிடித்துக்கொண்டு, வழக்கப்படி மன்னிப்புக் கேட்க என் கடைக்கே வந்தார்கள். கடையைத் திறந்து போட்டபடி குபாத் வீட்டுக்கு ஓடினேன். புதுப்பெண்ணை உட்கார வைக்கும் திரைக்குப் பின்னால் பெகாயிம் இருந்தாள். நான்கு முறை போட்ட முக்காட்டை நான்கு முறையும் பிடுங்கி எறிந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள்.

"அம்மா, வாங்க போலாம். செருப்ப எங்க வெச்சாங்கன்னு தெரியல. பரவால்ல, வெறுங்காலோடயே வரேன்."

4. ஐயா, அந்த அறையின் கதவு பூட்டியிருக்கவில்லை. ஆண்கள் யாரும் உள்ளே இல்லை. பன்னிரண்டு பெண்கள் இருந்தார்கள்; பாதிப் பேர் என் வாடிக்கைக்காரர்கள். யாரும் மிரட்டவில்லை, தேநீர் கொடுத்தார்கள். ஒருத்தி மட்டும், "கூட்டிட்டுப் போங்கக்கா, யாரு தடுத்தா? நாளைக்கு பஜார்ல உங்க மொகத்த எங்க வெச்சுக்குவீங்க?" என்றாள். நான் பன்னிரண்டு முகங்களையும் பார்த்தேன். தரையில் கிடந்த முக்காட்டையும் பார்த்தேன். வேறு கடையில் வாங்கிய துணியைக் கொண்டுவந்து என்னிடம் திருப்பித் தருகிறார்கள் என்று என் சரக்கின் ஓரத்தில் எல்லாம் நீல நூலால் ஒரு தையல் போட்டு வைப்பேன். அந்தத் தையல் இருந்தது.

அதை எடுத்து என் மகள் தலையில் கட்டியது நான்தான். "இரு கண்ணு, பழகிடும்" என்று சொன்னதும் நான்தான். அதன் பிறகு அவள் அதைப் பிடுங்கவில்லை.

5. இதைத்தான் முந்தைய புகாரில் மறைத்தேன். ஐந்து வாரம் தூக்கமில்லாமல் கிடந்து, பிறகு தங்கள் நிலையத்துக்கு வந்தேன். விசாரித்த அதிகாரி குபாத் வீட்டுக்குப் போய் வந்து என்னை உட்காரச் சொன்னார். "முக்காட்ட நீங்கதானே கட்டுனீங்க? பன்னெண்டு பேர் சொல்றாங்க. பொண்ணும் இஷ்டம்தான்னு எழுதிக் குடுத்துடுச்சு. நான் யார் மேலம்மா கேஸ் போடறது?" என்றார். அவரைக் குறை சொல்லவில்லை. மரியாதையாகத்தான் பேசினார். தன் மனைவியும் இப்படி வந்தவள்தான், இன்று மூன்று குழந்தைகளோடு நன்றாக இருக்கிறாள் என்று ஆறுதலும் சொன்னார். பெண்ணைக் கடத்தினால் சிறை என்று அச்சடித்த தாள் அவர் தலைக்கு மேலேயே ஒட்டியிருந்தது.

6. தேர்வு நேரத்தில் அவள் பாடப் புத்தகங்களை எடுத்துக்கொண்டு போனேன். பெகாயிம் குனிந்து, கிண்ணத்தில் பாதி அளவு தேநீர் ஊற்றி, மருமகள்கள் நீட்டுவதுபோல் இரு கையாலும் என்னிடம் நீட்டினாள். வந்துவிடுகிறாயா என்று கேட்டேன். "இங்க எனக்கு என்னம்மா குறை?" என்றாள். அந்தக் குரல் எனக்குத் தெரியும். இருபத்து நான்கு வருடங்களுக்கு முன் என் அம்மாவிடம் அதே சொற்களை, அதே குரலில், நான் சொல்லியிருக்கிறேன். புத்தகங்களைத் திருப்பி எடுத்துவந்தேன்.

7. நேற்று, மே 11, பிற்பகல், பெகாயிம் என் கடைக்கு வந்தாள். கூட யாரும் இல்லை. எனக்காகத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்து உட்கார இடம் ஒதுக்கினேன். அவள் உட்காரவில்லை.

"ஒரு முக்காடு குடுங்கம்மா. பெருசா."

விலை கேட்கவில்லை. குபாத்துக்குக் கல்யாணமாகாத தம்பி ஒருவன் இருக்கிறான். யாருக்கு என்று பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாகக் கேட்டேன். "அதெல்லாம் கேக்காதீங்க. நாளைக்கு வேணும்" என்றாள். கடத்தி வரும் பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சமாதானம் சொல்ல அவளைத்தான் ஏற்பாடு செய்திருக்கிறார்களாம். அவளுக்குத்தான் அது நன்றாகப் புரியும் என்று மாமியார் சொன்னாராம். சரக்கு தீர்ந்துவிட்டது என்று பொய் சொன்னேன். என் முதுகுக்குப் பின்னால் முப்பத்தொரு முக்காடு தொங்கியது. அதை ஒரு நிமிடம் பார்த்தாள். "சரிம்மா" என்றாள். எதிர்க்கடையில் வாங்கிக்கொண்டு போனாள்.

8. எனவே தாங்கள் செய்ய வேண்டியது: முதலாவது, இன்று கொண்டுவரப்படும் பெண் யார் என்று எனக்குத் தெரியாது, அவள் தாய் இதே பஜாரில் அடுத்த வரிசையில் கடை வைத்திருக்கலாம். குபாத் வீட்டுக்கு இப்போதே ஆள் அனுப்புங்கள். இரண்டாவது, என் மகள் வழக்கைத் திறந்து, யார் மேல் போடுவது என்று அதிகாரி கேட்ட இடத்தில் என் பெயரை முதலில் எழுதுங்கள். துர்சுனாய், குபாத், அந்தப் பன்னிரண்டு பேர் எல்லாம் அதற்குப் பிறகு. என் மகள் பெயரை எந்தப் பட்டியலில் எழுதுவீர்கள் என்பது எனக்கு விளங்கவில்லை. அதைத் தாங்களே தீர்மானியுங்கள். ஆனால் செருப்பில்லாமல் வருகிறேன் என்று சொன்னவளும் அவள்தான் என்பதை மட்டும் எங்காவது குறித்து வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இந்த மனுவைக் கொடுத்துவிட்டுத் தங்கள் நிலைய வாசலிலேயே காத்திருப்பேன். கடை இன்று திறக்கவில்லை.

இப்படிக்கு,
அனார்குல் தெமிர்பெகோவா

இடம்: ஆக்-கெச்சூ
நாள்: மே 12, காலை 8 மணி

இணைப்பு: நீல நூல் தையல் போட்ட வெள்ளை முக்காடு, முப்பத்தொன்று.