அன்னலட்சுமி என்று நான் கொடுத்த பட்டம்

தை மாதம், வியாழன் இரவு.

கோபம் அடங்கவில்லை. என் வகுப்பு ரேவதி இன்று காலை பிரேயரில் மயங்கி விழுந்தாள். மதியச் சாப்பாட்டைத் தினமும் தோழிகளுக்கே கொடுத்துவிடுகிறவள். அதற்காக அவளுக்கு அன்னலட்சுமி என்று பட்டம் சூட்டி, வகுப்பையே கைதட்ட வைத்த அறிவாளி சாட்சாத் நான்தான். அவள் ஒரு வாய்கூட உண்பதில்லை என்பது இவ்வளவு பெரிய கண்ணாடி போட்டும் எனக்குத் தெரியவில்லை.

ஆசிரியர் அறையில் கணக்கு டீச்சர் தன் மூன்றடுக்கு கேரியரைத் திறந்தபடியே, "எல்லாம் கொழுப்பு. எதிர்ல உக்கார வெச்சு ரெண்டு போடுங்க, தன்னால திம்பா" என்றார்.

"அடிச்சா நோய் போயிடுமா? வாய மூடுங்க!" என்று கத்தினேன். அந்தக் கத்தலில் பாதி என்னைப் பார்த்தே கத்தியது.

வெளியே வராந்தா பெஞ்சில் படுத்திருந்த ரேவதியிடம் சாப்பாட்டைப் பற்றிக் கேட்கவில்லை. பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தேன். அவளே சொன்னாள்: "சோத்தப் பாத்தாலே பயமா இருக்கு டீச்சர். நீங்க கைதட்டச் சொன்னப்புறம் யாரும் என்னைச் சந்தேகப்படல."

அவள் சம்மதித்த பிறகு அவள் அம்மாவிடம் போனில் பேசினேன். நாளை மூவரும் மயிலாடுதுறை டாக்டரிடம் போகிறோம். என் வாயை மட்டும் வீட்டிலேயே பூட்டிவிட்டுப் போக வேண்டும்.