டோக்கன் மேஜையில் ஒரு பிசிக்ஸ்காரி

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். நான் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? அம்மா நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா?

தங்கச்சி பிசிக்ஸ் எடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். "பிசிக்ஸ் படிச்சா வாத்தியார் வேலை, இல்லன்னா வீட்டுல சும்மா" என்கிறாராம் சித்தப்பா. நான் வாத்தியாரும் ஆகவில்லை, வீட்டிலும் இல்லை.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எந்திரங்களைச் சோதிப்பதுதான் பிசிக்ஸ் படித்த என் வேலை. எங்கள் உடம்பில் எவ்வளவு கதிர் படுகிறது என்று அளக்க, கோட்டில் ஒரு பேட்ஜ் குத்திக்கொள்வோம். போன மாதம் என் பேட்ஜில் அளவு எகிறிவிட்டது. பயப்படாதீர்கள், ரத்தப் பரிசோதனையில் ஒன்றுமில்லை. சாப்பிடப் போகும்போதெல்லாம் கோட்டை எக்ஸ்ரே அறைக்குள்ளேயே மாட்டிவிட்டுப் போயிருக்கிறேன்; கதிரெல்லாம் அதில்தான் பட்டிருக்கிறது. "உனக்கு ஒண்ணும் இல்லம்மா, கோட்டுக்குத்தான் லீவு கொடுக்கணும்" என்று பெரிய டாக்டர் சிரித்தார்.

ஆனாலும் விசாரணை முடியும்வரை எந்திரத்தின் பக்கமே போகக் கூடாதாம். வாசலில் உட்கார்ந்து நோயாளிகளுக்கு டோக்கன் கொடுக்கிறேன். இருப்புக் கொள்ளவில்லை அப்பா. உள்ளே எந்திரம் ஓடும் சத்தம் கேட்டாலே பாதி எழுந்துவிடுகிறேன். வேலை போய்விடுமோ என்ற பயம்கூட அப்புறம்தான் வருகிறது.

அதனால் தங்கச்சி பிசிக்ஸே எடுக்கட்டும். சித்தப்பாவிடம் டோக்கன் விஷயத்தை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை போன் செய்தால் "வேற ஒண்ணும் இல்லியே" என்று உடனே வைத்துவிடுகிறீர்கள். வைக்க வேண்டாம். அம்மா அரைக்கும்போது போனை மிக்சி பக்கத்தில் வைத்துவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

வரிசை நீண்டுவிட்டது, கூப்பிடுகிறார்கள்.

உங்கள் மூத்தவள்