அடுத்த பயணம் இனிதாக அமைய

ஜூன் 9, திங்கள்

காலை ஏழுக்கே புழுக்கம். முழங்கால் வலி. தைலம் வாங்க வேண்டும்.

நேற்று அடுக்ககச் சங்கக் கூட்டம். அடுத்த மாதம் முதல் ஒரு கம்பெனி மெஷினோடு வந்து படிக்கட்டு, வாசல் கூட்டுமாம். அதுதான் செலவு குறைவு என்று ஏ.ஐ. கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டதாம். கூட்டிப் பெருக்கும் கன்னியம்மா இனி வேண்டாம். நான் ஒருத்திதான் எதிர்ப்பு. பெயருக்குத் தலைவி, வேறு யாரும் ஒத்துக்கொள்ளாததால் என் தலையில். செயலாளர் ரகு, "நான் பதமா சொல்லிடறேன் மேடம்" என்றார்.

ஜூன் 10, செவ்வாய்

பால் திரிந்துவிட்டது. காபி இல்லை.

கன்னியம்மா துடைப்பத்தோடு வந்து போனை நீட்டினாள். பெரும்பாக்கத்திலிருந்து பஸ் மாறி வருகிறவள். முகமெல்லாம் சிரிப்பு.

"ரகு சார் இன்னா அழகா பேசிக்கீறாரு, கேளேன் டீச்சர்!"

அது ரகுவின் குரலே அல்ல. ஏ.ஐ. எழுதி, ஏ.ஐ.யே பேசியது. 'தங்கள் அர்ப்பணிப்புக்கு நெஞ்சார்ந்த நன்றி. அடுத்த பயணம் இனிதாக அமைய வாழ்த்துகள்.'

"பயணம்னா? டூரு இட்டுக்கினு போறாங்களா? திருப்பதின்னா நல்லாருக்கும்."

போனைத் திருப்பிக் கொடுத்தேன். "ரகுவே வந்து சொல்வார்மா."

ஜூன் 11, புதன்

மின்கட்டணம் கட்டியாயிற்று. தைலம் மறந்துபோயிற்று.

மாலை ரகு வந்தார். ஈக்காட்டுத்தாங்கலில் ஆபீஸ், அவருக்குக் கீழே நாற்பது பேர்.

"நானே எழுதினா இவ்ளோ நல்லா வராது மேடம்."

"நல்லாத்தான் இருக்கு. அவ திருப்பதிக்குப் பை தேடறா."

சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது.

என் பழைய வகுப்பைத்தான் உதாரணம் சொன்னேன். 'சிலர் சரியாகப் படிப்பதில்லை' என்று பொதுவாகச் சொன்னால் எல்லாப் பிள்ளையும் பக்கத்துப் பிள்ளையைப் பார்க்கும். பெயர் சொல்லிக் கூப்பிட்டு, முகம் பார்த்துச் சொல்ல வேண்டும். சொல்கிற நமக்கும் வலிக்கும்.

"ஆபீஸ்ல ஆளை நிறுத்தினா எப்படிச் சொல்வீங்க?"

"அங்க மெயில் போயிடும்... நீங்களே சொல்லிடுங்களேன் மேடம்."

"அவ வேண்டாம்னு நான் சொல்லலையே. சொன்னவங்க சொல்லட்டும்."

பேசியே களைத்துப்போனேன். ராத்திரி மோர் மட்டும்.

ஜூன் 12, வியாழன்

தூறல். என் வாசலில் செருப்பு எடுத்து வைக்கும்போது பார்த்தேன். ரகு படியிறங்கி வந்தார். கன்னியம்மா கூட்டிக்கொண்டிருந்தாள்.

"கன்னியம்மா, ஒரு விஷயம்..."

"காலத் தூக்கு சார்."

தூக்கினார். சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில். அவள் கூட்டி முடித்து நிமிர்ந்தாள்.

"ம், சொல்லு சார். டூரு எப்போ?"

அவள் முகத்தையே பார்த்தார். திரும்பி மேலே போய்விட்டார்.

மாலை கதவைத் தட்டினார். "ஞாயித்துக்கிழமை மறுபடி கூட்டம் போடலாமா மேடம்?"

"போடலாம். அவளையும் உட்காரவெச்சு."

"சரி."

என்ன ஆகுமோ, தெரியாது. சங்கத்தில் நாற்காலி ஆறுதான். அவளையும் சேர்த்தால் ஒன்று குறைகிறது. எதிர்வீட்டில் கேட்க வேண்டும்.