பட்டனின் பிஸ்கட்டும் உன் மூன்றாம் கட்டமும்

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் மூன்று பெரியவர்களும் உன் மகள் பட்டனும் இங்கே சுகமாகத்தான் இருக்கிறோம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி நல்லபடியாக இருப்பாய் என்று நம்புகிறேன். நம்புகிறேன் என்று ஏன் எழுதுகிறேன் என்றால், கொஞ்ச காலமாக நீ அனுப்புகிற செய்திகளில் கோதுமை என்ன செய்யும், பால் என்ன செய்யும் என்றுதான் வருகிறதே தவிர நீ எப்படி இருக்கிறாய் என்று ஒரு வரி கிடையாது. போனில் சொல்லாமல் காகிதத்தில் எழுதுவதற்கும் காரணம் உண்டு. போனில் நான் வாயைத் திறந்தால் அப்பா உங்களுக்குத் தெரியாது, நான் எல்லாம் படிச்சுப் பாத்துட்டேன் என்று குறுக்கே பாய்வாய், அதற்கும் நான் அசையாவிட்டால் சிக்னல் சரியில்லை என்று வைத்துவிடுவாய். காகிதத்துக்குச் சிக்னல் வேண்டாம். கடைசி வரை படி.

உன் அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. படி ஏறி இறங்காதே என்று சொன்னதால் இப்போது மாடியிலேயே நின்றுகொண்டு கீழே சலவைக் கடைக்குள் இருக்கிற என்னைக் கூப்பிடுகிறாள், தெருக்கோடியில் இருப்பவர்களுக்கும் நம் வீட்டில் என்ன சமையல் என்று தெரிந்துபோகிறது. கடைக்குப் புது நீராவி இஸ்திரி மேசை வாங்கியிருக்கிறோம். இஸ்திரி போடும் நம் கொக்கு, அதுதான் அந்த நெட்டையன், அந்த மேசைக்கு முகம் கொடுத்தே பேச மாட்டேன் என்கிறான், பழைய பெட்டிதான் அவனுக்குச் சரிப்படுகிறதாம். போன வாரம் ஒருவர் கோட்டின் உள்பையில் பாதி சாண்ட்விச்சோடு சலவைக்குப் போட்டுவிட்டு, நாங்கள்தான் அதை உள்ளே வைத்தோம் என்று சண்டைக்கு வந்தார். உலகத்தில் எத்தனை விதமான அறிவாளிகள் இருக்கிறார்கள் என்று பார்ப்பதற்குச் சலவைக் கடையைவிட நல்ல இடம் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அன்று மாலையே உன் செய்தி வந்தது.

டயட் வேலை செய்கிறது, இனி மூன்றாம் கட்டம், லீவு போட்டு வருகிறேன், வந்ததும் பட்டனை உணவு ஆலோசகர் நடத்தும் முகாமுக்கு அழைத்துப் போகிறேன், அதற்கு முன்னால் சோற்றையும் வாழைப்பழத்தையும் நிறுத்திவிடுங்கள் என்று எழுதியிருந்தாய். கடைசியில் இரண்டு கைகூப்பல் படம் வேறு. அதற்குப் பதில்தான் இந்தக் கடிதம். முடியாது என்பதுதான் பதில். உன் மகளை அந்த முகாமுக்கு நான் அனுப்ப மாட்டேன், உன் மனைவியும் அனுப்ப மாட்டாள், உன் அம்மா உன்னை வாசற்படி தாண்ட விடுவாளா என்பதே சந்தேகம். ஏன் என்று ஒழுங்காகச் சொல்கிறேன்.

குழந்தை மருத்துவர் பட்டனை நன்றாகப் பார்த்துப் பரிசோதித்துவிட்டு ஆட்டிசம் என்று சொன்ன அன்று நீயும் போனில் இருந்தாய். இது நோய் இல்லைங்க, அவ மூளை வேலை செய்யிற விதம் இது, பேச்சுப் பயிற்சி குடுங்க, தினம் ஒரே ஒழுங்குல நாளை அமைச்சுக் குடுங்க, வயித்துக் கோளாறு ஏதாவது இருந்தா சொல்லுங்க பாத்துக்கலாம், இல்லாட்டி அவ சாப்பிடறது எதையும் நீங்களா நிறுத்தாதீங்க, ஏற்கெனவே அவ சாப்பிடறதே கொஞ்சம் என்று அந்த அம்மாள் சொன்னதற்கு ஓகே டாக்டர் ஓகே டாக்டர் என்று தலையாட்டினவன் நீதான். தலையாட்டின சூட்டோடு போய் எங்கிருந்தோ ஒரு குரூப்பையும், அந்தக் குரூப்புக்குத் தலைவராக இந்த ஆலோசகரையும் பிடித்துக்கொண்டாய். ஆலோசகர் என்று எழுத எனக்குக் கை வரவில்லை, நானும் கொக்கும் அவருக்குத் தட்டு ஜோசியர் என்று பெயர் வைத்திருக்கிறோம், அப்படியே எழுதுகிறேன். குழந்தையை நேரில் பார்க்காமல், தட்டில் இருப்பதை மட்டும் பார்த்துப் பலன் சொல்கிறவருக்கு வேறு என்ன பெயர் வைப்பது. கோதுமை அவளுக்கு விஷம், பால் போதை, பேச்சு வராததற்குக் குடல்தான் காரணம் என்று அவர் சொன்னதெல்லாம் உனக்கு வேதவாக்கு. பல வருஷம் படித்துவிட்டு எதிரே உட்கார்ந்து பேசிய டாக்டர் சொன்னது உனக்குக் காதில் ஏறவில்லை.

அவர் பட்டனின் நாக்கைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னார் என்று நீ ஒற்றைக் காலில் நின்றாயே, ஞாபகம் இருக்கிறதா. பல் தேய்க்கவே வாய் திறக்காத பிள்ளை அவள். உன் மனைவி போனைக் கையில் வைத்துக்கொண்டு கெஞ்சி, கொஞ்சி, கடைசியில் இரண்டு பேரும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து அழுதார்கள். எனக்குப் பொறுக்கவில்லை, போனை வாங்கிக்கொண்டு கீழே போய்க் கொக்கை நாக்கை நீட்டச் சொல்லி எடுத்து அனுப்பிவிட்டேன். அவன் அப்போதுதான் கடுங்காப்பி குடித்துவிட்டு வந்திருந்தான். குழந்தையின் நாக்கில் பால் தேக்கம் அப்பட்டமாகத் தெரிகிறது, உடனே முதல் கட்டத்தை ஆரம்பியுங்கள் என்று உன் ஜோசியர் பதில் போட்டார். நாற்பத்தைந்து வயது நெட்டையனின் நாக்கு அது. இதைச் சொன்னால் உனக்குக் கோபம் வரும் என்று இத்தனை நாள் சொல்லவில்லை, இப்போது கோபம் வரட்டும் என்றே சொல்கிறேன். கொக்குக்குப் பால் என்றாலே குமட்டும் என்பதையும் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

உன் மகள் எதைச் சாப்பிடுவாள் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா என்று தெரியவில்லை. ஓட்டை போட்ட அந்தச் சதுர பிஸ்கட், நீல டம்ளரில் பால், எதுவும் போடாத வெள்ளைச் சோறு, அவித்த உருளைக்கிழங்கு, கறுப்புப் புள்ளி விழாத வாழைப்பழம். அவ்வளவுதான் அவள் உலகம். இந்த ஐந்தில் முதல் கட்டம் என்று பிஸ்கட்டையும் பாலையும் பிடுங்கினாய், இரண்டாம் கட்டம் என்று உருளைக்கிழங்கைப் பிடுங்கினாய். மாற்றுக்கு என்று ஒரு பார்சல் அனுப்பினாய். கொக்கு அந்த டப்பாவைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, அண்ணே புதுக் கஞ்சிப் பவுடரா, காலருக்கு மட்டும் போடவா இல்ல சட்டை முழுக்கப் போடவா என்று கேட்டான். நான் ஒரு வாய் தின்று பார்த்தேன், அவனைத் தப்புச் சொல்ல முடியாது.

அடுத்தது நீ போட்ட பெரிய திட்டம். பார்சலில் வந்த கோதுமை இல்லாத பிஸ்கட்டைப் பழைய பிஸ்கட் பாக்கெட்டுக்குள் வைத்துக் கொடுங்கள், அவளுக்கு வித்தியாசம் தெரியாது என்று எழுதினாய். அதற்கும் ஆள் நான்தான். வேறு வீடாக இருந்தால் பாக்கெட்டைக் கையால் மடித்துக் கொடுத்திருப்பார்கள், நம் வீட்டில்தான் இஸ்திரி போட்ட துணிகளைக் கவரில் போட்டு ஒட்டும் சூட்டு மெஷின் இருக்கிறதே. பாக்கெட்டைப் பின்பக்கமாகப் பிரித்து, உன் பிஸ்கட்டை உள்ளே அடுக்கி, மெஷினில் வைத்து ஒட்டினேன். கம்பெனியில் ஒட்டினதுபோலவே வந்துவிட்டது என்று உன் அம்மாவிடம் பெருமை வேறு அடித்துக்கொண்டேன். பட்டன் பாக்கெட்டை வாங்கினாள். திருப்பினாள். ஒட்டின இடத்தில் விரலை வைத்து ஒரு முனையிலிருந்து மறு முனை வரை தடவினாள். அவள் யார் என்பதை நீயும் நானும் மறந்துபோனோம். கடையில் உதிர்ந்த பட்டன்களையெல்லாம் டப்பாவிலிருந்து கொட்டி, இரண்டு ஓட்டை ஒரு வரிசை, நாலு ஓட்டை ஒரு வரிசை என்று தரையில் அடுக்கிக்கொண்டிருப்பதால்தானே அவளுக்கு அந்தப் பெயரே வந்தது. கம்பெனி ஒட்டினது பல் பல்லாக இருக்கும், என் மெஷின் ஒட்டுவது நேர்கோடாக இருக்கும். பாக்கெட்டைத் தரையில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். தட்டு ஜோசியரை ஏமாற்ற முடிந்தது, உன்னை ஏமாற்ற முடிந்தது, அவளை முடியவில்லை.

அத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. அதற்குப் பிறகு எந்தப் பாக்கெட்டையும் அவள் நம்பவில்லை. சோற்றையும் நம்பவில்லை, தட்டை வைத்தால் விரலால் கிளறிப் பார்த்துவிட்டுத் தள்ளிவிடுவாள். வாழைப்பழம் மட்டும், அதுவும் அவள் கண் முன்னால் உரித்தால் மட்டும். பள்ளிக்கூட ஸ்கர்ட் இடுப்பில் நிற்கவில்லை, உன் அம்மா ஊக்குக் குத்தி அனுப்பினாள். நீ அப்போது என்ன செய்தாய் தெரியுமா. போனில் உன் மனைவியிடம், நீ ஒழுங்கா ஃபாலோ பண்ணல, அதான் ரிசல்ட் வரல என்றாய். பகலெல்லாம் பள்ளிக்கூட ஆபீசில் உட்கார்ந்து வேலை பார்த்துவிட்டு, வந்ததும் உனக்காகத் தனி அடுப்பு, தனிப் பாத்திரம் என்று நிற்கிறவள் அவள். பத்தாயிரம் மைல் தள்ளி உட்கார்ந்துகொண்டு, பக்கத்துக் கடையில் நல்ல பிரெட்டாக வாங்கிக் கடித்துக்கொண்டே அவளுக்குப் பாடம் எடுக்க உனக்கு வெட்கமாக இல்லையா என்று அன்றே கேட்டிருக்க வேண்டும். டாக்டரிடம் போனபோது எடை பார்த்துவிட்டு அந்த அம்மாள், யாருங்க இதைச் செய்யச் சொன்னது என்று கேட்டார். உன் மனைவி உன்னைக் காட்டிக் கொடுக்கவில்லை, நான்தான் செஞ்சேன் டாக்டர் என்றாள். வீட்டுக்கு வந்து இறங்கியதும் நான் சொன்னேன், போதும்மா, எல்லாத்தையும் நிறுத்து, அவன் கேட்டா மாமா நிறுத்தச் சொன்னாருன்னு சொல்லு என்று.

நிறுத்திவிட்டோம். முதலில் பட்டனை மளிகைக் கடைக்கே கூட்டிப்போய், அவளே அலமாரியிலிருந்து பாக்கெட்டை எடுத்து, அவளே தடவிப் பார்த்து, அவளே தூக்கி வந்து, அவளே பிரிக்கும்படி விட்டோம். முதல் சில தடவை மோந்து பார்த்துவிட்டு வைத்துவிட்டாள். அப்புறம் ஒரு ஓரத்தைக் கடித்தாள். உன் அம்மா சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள், அழத்தான். பால் திரும்ப வந்தது, சோறு வந்தது, உருளைக்கிழங்கு வந்தது, ஸ்கர்ட்டில் ஊக்கை எடுத்தாயிற்று. இதையெல்லாம் உன்னிடம் சொல்லாமல் மறைத்தது தப்புத்தான், ஆனால் சொன்னால் நீ உன் மனைவியைப் போனிலேயே வறுத்து எடுத்துவிடுவாய் என்பதால் நான்தான் சொல்ல வேண்டாம் என்றேன்.

இப்போது உன் வெற்றிக்கு வருகிறேன். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசினாயே, அன்று பட்டன் உன்னைப் பார்த்தாள், முதல்முறையாகக் கண்ணைப் பார்த்தாள், கேமராவுக்குக் கிட்டே வந்தாள் என்று உன் குரூப்பில் பெரிதாக எழுதி, இரண்டாம் கட்டத்தின் பலன் என்று தட்டு ஜோசியர் அதை ஊர் பூராவும் பரப்பி, எத்தனை பேர் உனக்கு வாழ்த்துச் சொன்னார்கள். உன் மனைவி அதைக் காட்டினபோது எனக்குச் சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. மகனே, அந்த ஞாயிறு வருவதற்கு ரொம்ப முன்னாலேயே உன் டயட் குப்பைக்குப் போய்விட்டது. அன்று காலை அவள் ஒரு டம்ளர் பாலை முழுசாகக் குடித்திருந்தாள். உன் ஜோசியர் கணக்குப்படி போதையில் இருந்த பிள்ளைதான் உன்னைப் பார்த்தது. உன் பேச்சைக் கேட்டு எத்தனை தாய்மார் இன்றைக்கு எந்தப் பிள்ளையின் கையிலிருந்து எதைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறார்களோ. வெற்றி என்று எழுதின அதே இடத்தில் இதையும் நீ எழுத வேண்டும், உனக்கு அந்த அளவு நேர்மை இருக்கிறது என்று இன்னும் நினைக்கிறேன்.

அவள் மாறவே மாட்டாள் என்று நான் சொல்லவில்லை. பேச்சுப் பயிற்சி டீச்சர் படம் போட்ட அட்டைகள் கொடுத்திருக்கிறார், தண்ணீர் வேண்டுமென்றால் டம்ளர் படத்தை எடுத்து வந்து கையில் வைக்கிறாள். நேற்று இஸ்திரிப் பெட்டி படத்தைக் கொண்டுவந்து எனக்குக் கொடுத்தாள், கடைக்குப் போகணும் என்று அர்த்தம். தினம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வரும், கட்டம் கட்டமாக எல்லாம் வராது. நீ கவலையில்தான் இதையெல்லாம் செய்தாய் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் உண்மையைச் சொல்கிறேன், நீ வேறொரு பிள்ளை வேண்டும் என்று கேட்டு இந்தப் பிள்ளையைப் பட்டினி போட்டாய். அதை என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

லீவு போட்டு வா, கட்டாயம் வா. முகாமுக்கு இல்லை, வீட்டுக்கு வா. உன் மனைவியிடம் முதலில் மன்னிப்புக் கேள். உடம்பைப் பார்த்துக்கொள், நீயும் உன் வேலையும் நன்றாக இருக்க வேண்டும், உன் மகள் வயிறார உண்டு நீண்ட நாள் வாழ வேண்டும் என்பதுதான் எங்கள் ஆசியும் வேண்டுதலும்.

ஒன்று மட்டும் மறந்துவிடாதே. அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் கிட்டே வந்ததும் திரை ஒரு நிமிஷம் இருண்டுபோனது, கேமராவைக் கையால் மறைக்கிறா, தள்ளி நிக்கச் சொல்லுங்க என்று நீ கத்தினாய். நான் பக்கத்தில்தான் இருந்தேன். அது கை இல்லை. பாதி கடித்த பிஸ்கட்டைக் கேமராவும் மறையும்படி திரையில் உன் வாய்க்கு நேராக வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். தான் தின்பதை அவள் இதுவரை யாருக்கும் நீட்டினதில்லை, எனக்கும் இல்லை, அவள் அம்மாவுக்கும் இல்லை. அடுத்த முறை நீட்டினால் வாயைத் திற.

இப்படிக்கு,
உன் அப்பா