புளியங்கொட்டையும் மூன்று புள்ளியும்

லண்டன்,
09.02.1992

அன்பின் பத்மா,

நான் சுகம். கலியாணம் முடித்த புதிதில் நீரும் நானும் எழுதிய ‘அடுக்கி’யை இங்கே என் கம்பனி எடுத்திருக்கிறது. தாறுமாறாகத் தட்டிய புரோகிராம் வரிகளை இன்னும் வடிவாகத்தான் அடுக்குகிறது. ஆனால் புரோகிராம் எழுதும் சி மொழியில் இப்போது புது வழக்கம். முன்பு அடைப்புக்குறிக்குள் பெயர் மட்டும் இருக்கும். அது எண்ணா எழுத்தா என்ற வகை கீழே வரும். இப்போது வகையும் அடைப்புக்குள்ளேயே வருகிறது. அதைக் கண்டதும் அடுக்கி வரியை உடைக்கிறது. திருத்தினேன், புதியது சரிவந்தது, பழையது குழம்பிவிட்டது. அச்சுப்பிரதி இத்துடன். பாரும்.

சீவரத்தினம்

உரும்பிராய்,
28.03.1992

அன்புள்ள அத்தானுக்கு,

கடிதம் முழுக்கத் தேடினேன், என்னைக் காணவில்லை. மாமி எட்டிப் பார்த்து, “உவன் என்ன, பெண்சாதிக்குக் கணக்கே எழுதி அனுப்பியிருக்கிறான்?” என்று சிரித்தா.

கரண்ட் இல்லாத ஊரில் நான்தான் கம்பியூட்டர். முன்பு கம்பியூட்டரில் எங்கள் முறை வரும்வரை மேசையில் புளியங்கொட்டை வைத்து ஓட்டிப் பார்ப்போமே, அப்படியே ஓட்டினேன். அடைப்பு திறந்தால் ஒரு கொட்டை வைப்பது, மூடினால் எடுப்பது. மேசையில் கொட்டை இருக்கும்போது வகை வந்தால் வரியை உடைக்கக் கூடாது. இல்லாவிட்டால் பழையபடி உடைக்கலாம். நீங்கள் பழைய வழியை அடியோடு வெட்டிவிட்டீர்கள், அதுதான் பிழை.

வெங்காயத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கப் பம்புக்கு மண்ணெண்ணெய் இல்லை. அடுத்த கடிதமாவது புரோகிராம் இல்லாமல் வரட்டும். என்னை எப்போது கூப்பிடுவீர்கள்?

பத்மா

லண்டன்,
17.05.1992

பத்மா,

கெட்டிக்காரி! இரண்டு விதமும் சரிவந்துவிட்டது. இன்னொன்று இருக்கிறது. புதிய வழக்கத்தில், இன்னும் வரும் என்று காட்ட அடைப்பின் கடைசியில் மூன்று புள்ளி போடலாம். அடுக்கி அவற்றைத் தனித்தனியாகப் பிரித்துவிடுகிறது. அச்சுப்பிரதி இத்துடன்.

சீவரத்தினம்

உரும்பிராய்,
02.07.1992

அத்தான்,

நீங்களும் உங்கள் மூன்று புள்ளியும்! கொட்டைகளை அடுப்படியில் போட்டுவிட்டேன். நான் உங்களுக்குப் பெண்சாதியா, மெசினா? அதை மட்டும் எழுதுங்கள்.

பத்மாவதி

லண்டன்,
20.08.1992

என்ரை பத்மா,

மூன்று புள்ளியை உமக்கு எழுதிய அன்றைக்கே நான் திருத்திவிட்டேன். பிழை ஒன்றும் இல்லாவிட்டால் உமக்கு என்னத்தை எழுதுவது? என் அகதி வழக்கு இரண்டாம் முறையும் தள்ளுப்பட்டுவிட்டது. திரும்பவும் அப்பீல் போட்டிருக்கிறேன். உம்மை வாரும் என்று எழுத என்னிடம் விசாக் கடதாசி இல்லை. காத்திருக்க வேண்டாம் என்று எழுத மனமில்லை. உம்முடைய கையெழுத்தைப் பார்க்க வேண்டும் போலிருக்கும், அச்சுப்பிரதியை அனுப்பிவிடுவேன். அம்மாவுக்குச் சொல்ல வேண்டாம்.

உம்முடைய,
சீவரத்தினம்

உரும்பிராய்,
05.10.1992

என் அத்தானுக்கு,

விசர் மனுசன்! இதை முதலே எழுதினால் என்ன? வாசித்து நன்றாக அழுதேன். வெங்காயம் உரித்தேன் என்று மாமிக்குச் சொன்னேன். கடதாசி வரும்போது வரட்டும், நான் எங்கே ஓடப்போகிறேன்?

மூன்று புள்ளிக்கு விடையை நானும் அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டேன். கோபத்தில் அனுப்பவில்லை. இத்துடன் இருக்கிறது, உங்களுடையதோடு ஒத்துப் பாருங்கோ. ஒத்து வராவிட்டால் எழுதுங்கோ. ஒத்து வந்தாலும் எழுதுங்கோ.

உங்கள்,
பத்மா